கார்மேகம் கையில் வாங்காத உப்பு

ராஸ் அல் கைமாவில் மலையை உடைத்து லாரியில் ஏற்றி அனுப்பும் ஒரு குவாரி. அங்கே டிரில் மிஷின் ஓட்டும் கார்மேகத்துக்குக் கேம்ப்பில் இன்னொரு பேர் உண்டு: விசாரணைக் கமிஷன். வைத்தது மெஸ்ஸில் சமைக்கும் கீழக்கரை மீராசா. மனிதர் சும்மா வைக்கவில்லை, பட்டுத்தான் வைத்தார். சோற்றுத் தட்டோடு வந்து நின்றால் கார்மேகம் தட்டைப் பார்க்க மாட்டார். இந்த மீன் எந்தக் கடல், இந்தக் கடலுக்கும் நம்ம பக்கத்துக் கடலுக்கும் உப்பு ஒரே அளவா, செதில் ஏன் இப்படி மினுங்குது என்று ஆரம்பித்துவிடுவார். பின்னால் வரிசையில் நிற்கிறவன் பசியில் பல்லைக் கடிப்பான்.

"யப்பா, மீனு திங்கிறதுக்கு. அதுக்கு ஆதார் கார்டெல்லாம் நான் வாங்கி வைக்கல," என்பார் மீராசா.

கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். கல்யாணமான புதிதில் வந்தவர், இப்போது ஐம்பதைத் தொடப் போகிறார். வந்த நாளாகப் பார்த்ததெல்லாம் கேம்ப், சைட், ரூம். உயரமான கட்டடம், செயற்கைத் தீவு என்று ஊரே படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்க, அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மலையிலேயே அவருக்குக் கேட்பதற்கு ஆயிரம் இருந்தது. சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று இருந்துவிட்டுப் போகிற ஜாதி இல்லை அவர்.

வேலை என்னவென்றால், பாறையில் குழி போடுவது. குழியில் வெடிமருந்து கெட்டித்து, சைரன் அடித்து, எல்லோரையும் விரட்டிவிட்டு வெடிப்பார்கள். மலை ஒரு தடவை மூச்சு விட்டதுபோல மேலே எழும்பி அப்படியே சரியும். புழுதி அடங்கியதும் முதலில் உள்ளே போகிறவர்களில் கார்மேகம் ஒருவர். எல்லாக் குழியும் வெடித்ததா, இல்லை ஏதாவது ஒன்று வெடிக்காமல் உள்ளே சுருண்டு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்து முடித்து இரண்டு கையையும் தூக்கி "கலாஸ்!", அதாவது முடிந்தது, என்று அவர் கத்தினால்தான் மற்றவர்கள் வருவார்கள். அதுவரை பெரிய எஞ்சினியரே ஆனாலும் தூரத்தில்தான் நிற்க வேண்டும். மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே அதிகாரம் அதுதான், அதை அவர் ரசித்துச் செய்தார்.

குவாரி வாசலில் லாரிகளுக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடும் செக்யூரிட்டி முகிஷா. உகாண்டாக்காரன், முப்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசமாட்டான். டியூட்டி முடிந்து போகும்போது கார்மேகம் அவனுடைய கூண்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவார். இருவருக்கும் நடுவில் ஓடியது பாதி இங்கிலீஷ், கால் இந்தி, மிச்சம் கைஜாடை. நாம் அதைத் தமிழில்தான் சொல்லியாக வேண்டும்.

ஒருநாள் முகிஷா போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். கார்மேகத்துக்குச் சும்மா இருக்க முடியுமா? எட்டிப் பார்த்தார். வட்டமான பெரிய பள்ளம். அடியில் தண்ணீர். ஓரத்தில் பாத்தி பாத்தியாகக் கட்டங்கள், அதற்குள் ஆட்கள்.

"எந்தக் கம்பெனி குவாரி இது?"

முகிஷா சிரித்தான். "குவாரி இல்ல பாய். ஏரி. எங்க ஊரு. தானா வெடிச்ச பள்ளம்."

"தானா வெடிச்சதா? மருந்து?"

"மருந்து இல்ல."

"டிரில்?"

"டிரில்லும் இல்ல. பூமியே வெடிச்சது. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி. ஒண்ணு ரெண்டு இல்ல, அந்தப் பக்கம் பூரா பள்ளம்தான். சிலதுல தண்ணி, சிலதுல காடு. நேஷனல் பார்க் அது, யானையெல்லாம் இருக்கு."

அன்றைக்குக் கார்மேகத்துக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஊளைச் சைரன் அடித்து, அளந்து குழி போட்டு, மருந்து கெட்டித்து அவர்கள் உடைக்கிற மலை ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் விழுகிறது. எவனும் ஒரு குழி போடாமல், வட்டில் வைத்து வரைந்தமாதிரி ஒரு பள்ளமா? தொழில் பொறாமை என்று ஒன்று உண்டே, அது வந்துவிட்டது அவருக்கு. பூமியின் மேல்! அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம்? பறந்த கல்லெல்லாம் எங்கே போய் விழுந்தது? எல்லாம் வெடித்துத் தீர்ந்ததா, இல்லை மிச்சம் இருக்கிறதா? அடுத்த பல மாதம் முகிஷா கட்டையைத் தூக்கிய நேரத்தைவிட இவருக்குப் பதில் சொன்ன நேரம் அதிகம்.

கடைசியில் அவனே சொன்னான்: "பாய், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிட்டேன். இதுக்கு மேல நீயே போய்ப் பாத்துக்க."

கிண்டலுக்குச் சொன்னான். கார்மேகம் அதைப் பிடித்துக்கொண்டார். பெருநாள் விடுமுறைக்குக் குவாரி மூடும். அதற்கு முன்னால் நாலு நாள் லீவு சேர்த்துப் போட்டு, ஷார்ஜாவிலிருந்து டிக்கெட்டும் எடுத்துவிட்டார்.

"பெருநாள் லீவுன்னா துபாய் கராமாவுக்குப் போயி சொந்தபந்தத்தப் பாத்துட்டுப் பிரியாணி தின்னுட்டு வருவான் மனுசன்," என்று தலையில் அடித்துக்கொண்டார் மீராசா. "பள்ளம் பாக்க ஆப்பிரிக்காவா? இங்க நீ வெட்டுன பள்ளம் பத்தலையா?"

"நான் வெட்டுனதத்தானே பாய் தெனம் பாக்குறேன்."

ஊரில் மனைவி வடிவு போனில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். "இங்க கம்மாயி பள்ளமாத்தான் கெடக்கு, அதப் பாக்க வர மாட்டீக. கேட்டா லீவு இல்லம்பீக." பிறகு குரல் இறங்கி வந்தது: "சிங்கம் கிங்கம் இருக்குமாங்க?"

"இருக்குமாம்."

"கார விட்டு எறங்காதீக. அப்பறம்... போட்டோ எடுத்து அனுப்புங்க."

வளைகுடாவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஊருக்குப் போகிறவன் பெட்டி அவனுடையது மட்டும் அல்ல. பாதி, ரூமில் இருக்கிற அடுத்தவன் வீட்டுச் சாமான். கோடாலித் தைலம், பால்மாவு, பிள்ளைக்குச் சட்டை என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து திணிப்பார்கள். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டுபோய் அவரவர் வீட்டு வாசலில் கொடுத்து, "ஒங்க மகன் நல்லாருக்கான், சதை போட்டிருக்கான்" என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும். கார்மேகம் போகிறது தன் ஊருக்கு இல்லைதான். ஆனால் முகிஷாவின் ஊருக்காயிற்றே! அதனால் வழக்கப்படி கேட்டார்:

"ஒங்க வீட்டுக்கு என்ன சாமான் குடுக்குற? பெட்டியில பாதி எடம் விட்டு வச்சிருக்கேன்."

முகிஷா முகம் செத்துப்போயிற்று.

"எங்கம்மா வாங்க மாட்டாங்க பாய்."

பிறகு மெதுவாகச் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் அப்பா இறந்துபோனார். லீவு கேட்டான். மாற்று ஆள் இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று மேலே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை நம்பி இவன் அம்மாவுக்குப் போன் செய்தான்: நான் வந்துகிட்டே இருக்கேன், நான் வர்ற வரைக்கும் அப்பாவை எடுக்காதீங்க. அந்த அம்மா வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஊரே போதும் எடுக்கலாம் என்றபோதும், என் மகன் வருவான் என்று சொன்னார். மாற்று ஆள் வரவே இல்லை. கடைசியில் ஊரார்தான் எடுத்துப் புதைத்தார்கள்.

"வர முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பாங்க. வர்றேன்னு சொல்லி எல்லார் முன்னாடியும் காக்க வச்சிட்டேன். அதுலேருந்து நான் போன் பண்ணினா கட் பண்ணிடறாங்க. தெனம் பண்றேன். தெனம் கட்."

வெளிநாட்டுக்கு வந்த ஒவ்வொருவன் வயிற்றிலும் கிடக்கிற பயம்தானே அது! மறுநாள் முகிஷா ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ், குவாரியில் மழைக்காலத்துக்குப் போடுவார்களே, அது. அவன் அம்மா ஜாசிந்தா அந்த ஏரியில்தான் உப்பு எடுக்கிறார். நாள் பூரா தண்ணீரில் நிற்பதால் உப்பு காலைத் தின்றுவிடும்.

"குடுத்துடு பாய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போனை எடுக்கச் சொல்லு. போதும்."

"அது என் பொறுப்பு," என்றார் கார்மேகம். வாயை விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

உகாண்டாவில் என்டபே விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போனவன் பாலுகு. முகிஷாவின் பள்ளிக்கூடத்துத் தோழன், வாடகைக் கார் ஓட்டுகிறவன், வாயாடி. ஒரு பகல் முழுக்கக் காரில் போனார்கள். வழியெல்லாம் வாழைத்தோட்டம். இது பழத்துக்கா சமைக்கிறதுக்கா, தார் ஏன் இவ்வளவு பெரிது, சைக்கிளில் ஒருவன் எத்தனை தார் கட்டுவான் என்று விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிட்டது. பாலுகு சளைக்கவில்லை. உங்கள் ஊரில் வாழைக்காயை என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டான். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே காரில் போனால் வழி தெரியுமா? வந்து சேர்ந்ததே தெரியவில்லை.

மறுநாள் காலையில் பார்க்குக்குள் செம்மண் தடத்தில் கார் ஏறி ஒரு மேட்டில் நின்றது. பாலுகு நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இங்க எறங்கலாம். ஆனா காரை விட்டுத் தள்ளிப் போகக்கூடாது," என்றான்.

கார்மேகம் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தார்.

அப்படியொரு வட்டம். சுவர் நாலு பக்கமும் ஒரே சீராக இறங்கி, அடியில் பச்சைத் தண்ணீர், பாசி பிடித்த கண்ணாடிபோல. தண்ணீர் ஓரமாகக் கறுப்பாக ஏதோ நகர்ந்தது. காட்டெருமைக் கூட்டம் என்றான் பாலுகு. இங்கிருந்து பார்க்க எள்ளுருண்டைகளைக் கொட்டியதுபோல இருந்தது. பக்கத்தில் இன்னொரு பள்ளம், அதில் தண்ணீரே இல்லை, முழுக்க மரம். அதற்கப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால்.

"யாரு சைரன் அடிச்சது?" என்று கேட்டார்.

"என்னது?"

"வெடிக்கிறதுக்கு முன்னாடி சைரன் அடிக்கணும்ல. ஆளுகள வெலக்கணும்ல."

பாலுகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு விளக்கினான். கீழே நெருப்புக் குழம்பு, மேலே மண்ணுக்குள் தண்ணீர். நெருப்பு மேலே வந்து தண்ணீரைத் தொட்டதும் ஆவியாகி, அடைபட்ட ஆவி அப்படியே பிளந்துகொண்டு வெளியே வந்தது. மூடி போட்ட குக்கர் மாதிரி. கார்மேகத்துக்கு அது சட்டென்று விளங்கியது. அடைத்தால்தான் வெடிக்கும். அதனால்தானே அவர்களும் குழியை இறுக்கி அடைக்கிறார்கள். பறந்த கல் எங்கே என்று கேட்டார். இப்ப நீங்க நிக்கிறீங்களே இந்த மேடே அதுதான் என்றான் பாலுகு. கார்மேகம் காலுக்குக் கீழே பார்த்தார். குனிந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்தார். இலேசாக, ஓட்டை ஓட்டையாக இருந்தது. முகர்ந்துகூடப் பார்த்தார்.

"பார்க்கிலிருந்து எதுவும் எடுக்கக்கூடாது. எடுத்த எடத்துலயே வச்சிடு."

மனமில்லாமல் வைத்தார். "சரி, எல்லாம் வெடிச்சு முடிஞ்சிருச்சா? இல்ல மிச்சம் இருக்கா? யாரு வந்து பாத்து கலாஸ் சொன்னது?"

"யாரும் சொல்லல," என்றான் பாலுகு. "அடியில இன்னும் சூடு இருக்கு. அதான் இந்தப் பக்கம் வெந்நீர் ஊத்தெல்லாம் இருக்கு."

கார்மேகம் அந்த இடத்தைவிட்டு நகர மறுத்தார். எருமை ஒன்று சரிவில் ஏறி வரத் தொடங்கியதும் பாலுகு அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் காருக்குள் தள்ளினான்.

மத்தியானம் கட்வே ஏரிக்கு வந்தார்கள். போட்டோவில் பார்த்த அதே பள்ளம். கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடி, தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வீசுமே, அந்தக் கந்தக நெடி. கார்மேகத்துக்குத் தொழில் இடத்துக்கு வந்ததுபோலவே இருந்தது. களிமண்ணும் குச்சியும் வைத்துக் கட்டிய பாத்திகள். முழங்கால் தண்ணீரில் ஆணும் பெண்ணுமாக நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதில் நரைத்த தலையில் துணி கட்டி, கையால் உப்பை அரித்துக் கரையில் குவித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பாலுகு காட்டினான்.

பாலுகு அவர்கள் பாஷையில் பேசினான். அந்த அம்மா நிமிர்ந்து கார்மேகத்தின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். கார்வரைக்கும் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் முகம் பழையபடி இறுகிவிட்டது. கார்மேகம் பொட்டலத்தைப் பிரித்துப் பூட்ஸை நீட்டினார். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இங்கே தலைகீழாக இருந்தது.

ஆனாலும் வந்தவன் விருந்தாளி இல்லையா? அந்த அம்மா குனிந்து, குவியலின் மேலிருந்து வெள்ளையாக ஒரு கை உப்பை அள்ளி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கார்மேகத்தின் முன்னால் நீட்டினார்.

கார்மேகம் சடாரென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். உப்பைக் கையில் கொடுத்துக் கையில் வாங்கினால் சண்டை வரும், உறவு முறியும் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? சாப்பிடும்போது கேட்டால்கூட இலையில்தான் வைப்பார்கள். ஏற்கெனவே ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது, அதைத் தீர்க்க வந்த இடத்தில் இன்னொன்றை வாங்கிக் கட்டிக்கொள்வதா என்று அந்த ஒரு நொடியில் அவருக்குப் பட்டது. "கீழ வைங்கம்மா, கீழ வைங்க," என்று தமிழிலேயே பதறினார். அவர் தமிழ் அங்கே யாருக்குப் புரியும்? புரிந்ததெல்லாம் பின்னால் போன கைதான்.

அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு விரலை விரித்தார். உப்பு தண்ணீரில் விழுந்து கரைந்தது. ஏதோ ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் திரும்பி வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

"என்ன சொன்னாங்க?"

பாலுகு மொழிபெயர்த்தான்: "மகனும் என் கையைத் தொட வரலை, மகன் அனுப்பின ஆளும் தொட மாட்டேங்குறான், போகச் சொல்லுன்னாங்க."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை! பூட்ஸைக் கரையிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். தங்கியிருந்த இடத்துக்கு வரும்வரை கார்மேகம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதைப் பார்த்துப் பாலுகுவே பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று விசாரித்தான்.

சாயங்காலம் வடிவு போன் செய்தாள். பள்ளம் எப்படி, எருமை எப்படி என்று கேட்டவளிடம் மனுஷர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அடப் பாவி மனுசா! பெத்தவ கையால குடுத்தத வேண்டாம்னா சொன்னீக?"

"உப்புடி. கையில எப்பிடி வாங்குறது?"

"வாங்காட்டி ஏன் வாங்கலன்னு சொல்லணும்ல. சொல்லாம கையப் பின்னாடி கட்டுனா, அசிங்கம்னு ஒதுங்குறாகன்னுதான் யாரும் நெனப்பாக. ஊரு ஒலகத்துல எல்லாரையும் ஏன் எதுக்குன்னு நோண்டுறீகள்ல? ஒங்கள ஒருத்தி ஏன்னு கேக்க முடியாம நிக்கிறா, அது தெரியல. காலையில மொத வேலையா போயிச் சொல்லுங்க."

கார்மேகம் தலையைச் சொறிந்தார். வடிவு சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

மறுநாள் பாலுகுவுக்கு வேறு திட்டம் இருந்தது, இன்னும் பெரிய பள்ளங்களைக் காட்டுவதாக. "அது கெடக்கட்டும், ஏரிக்கு விடு," என்றார் கார்மேகம். எந்தப் பள்ளத்துக்காக ஆப்பிரிக்காவுக்கு வந்தாரோ அதை விட்டுவிட்டுப் போகிறார் என்றால் பாருங்கள்.

ஜாசிந்தா அம்மா அதே பாத்தியில் நின்றார், வெறுங்காலோடு. ஆனால் பூட்ஸ் கரையில் கிடக்கவில்லை. பாத்தி ஓரத்துக் குச்சியில், உள்ளே தண்ணீர் போகாதபடி தலைகீழாகக் கவிழ்த்து மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் கார்மேகத்துக்கு உயிர் வந்தது.

காலணியைக் கழற்றினார். கால்சட்டையைச் சுருட்டினார். நேராகத் தண்ணீரில் இறங்கிவிட்டார். அடி வழுக்கியது, கணுக்காலில் ஏதோ ஒரு சிராய்ப்பில் உப்பு பட்டுச் சுரீரென்றது. பாலுகு கரையில் நின்று மொழிபெயர்த்தான்.

"அம்மா, எங்க ஊர்ல உப்பக் கையில குடுத்துக் கையில வாங்குனா சண்டை வரும்னு ஒரு நம்பிக்கை. ஒங்ககூடச் சண்டை வந்துறக்கூடாதுன்னுதான் கைய இழுத்தேன். வேற ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா இல்ல."

அந்த அம்மா அரிப்பதை நிறுத்தினார். அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கேட்டார். ஆமாம், இந்தத் தடவை கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"அப்ப உங்க ஊர்ல பக்கத்து வீட்டுக்கு உப்பு எப்படிக் குடுப்பீங்க?"

"கிண்ணத்துல வச்சு, கீழ வைப்போம். அவங்க எடுத்துக்குவாங்க."

"உன் பொண்டாட்டி உனக்கு?"

"இலை ஓரத்துல வைப்பா."

"கையில குடுக்கவே மாட்டாளா?"

"மாட்டாம்மா."

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் சண்டையே வராதா?"

கார்மேகம் யோசித்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெனம் வரும்மா. நேத்துக்கூட வந்துச்சு."

பாலுகு மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அந்த அம்மா சிரித்துவிட்டார். பக்கத்துப் பாத்திப் பெண்களிடம் அதைக் கத்திச் சொன்னார். ஏரி ஓரம் முழுக்கச் சிரிப்பு ஓடியது. கார்மேகமும் அசடு வழியச் சிரித்துவைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா குனிந்து மறுபடியும் ஒரு கை உப்பு அள்ளினார். நீட்டினார்.

"நான் என் மகனுக்குக் கையில உப்புக் குடுத்து ரொம்பக் காலம் ஆச்சு. குடுக்காமலே சண்டை வந்திருச்சு. இனிமே புதுசா என்ன வரப்போகுது? புடி."

கார்மேகம் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். ஈர உப்பு விழுந்தது. அந்தக் கை அவர் கையின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, வெடித்துக் காய்த்துப்போன கை. கார்மேகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டார்:

"அம்மா, போன எடுங்கம்மா. ஒரு தடவை."

அந்த அம்மா குச்சியிலிருந்து பூட்ஸை எடுத்து, கரையில் உட்கார்ந்து காலை நுழைத்தார். வலது கால் பாதியில் நின்றது. இழுத்தார், உதைத்தார், ஒருவழியாகப் போயிற்று. எழுந்து நாலடி நடந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன சொல்றாங்க?"

"சின்னதா இருக்காம்," என்றான் பாலுகு. "பெத்தவ காலு அளவு தெரியலை அவனுக்குன்னு திட்டுறாங்க."

அந்த உப்பைக் கார்மேகம் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். என்டபேயில் ஒருவர், ஷார்ஜாவில் ஒருவர் பிரித்துப் பார்த்து என்ன இது என்றார்கள். உப்பு என்றார். உப்பா, ஆப்பிரிக்காவிலிருந்தா, எதற்கு என்றார்கள். கேள்வி கேட்கிறவர்களைப் பார்த்தால் எவ்வளவு எரிச்சல் வரும் என்று கார்மேகத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெருநாள் முடிந்து குவாரி திறந்த காலை. வாசலில் லாரிகள் வரிசை கட்டியிருந்தன. கார்மேகம் நேராகக் கூண்டுக்குப் போனார். முகிஷா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்கப் பயம்.

"கைய நீட்டு," என்றார் கார்மேகம்.

நீட்டினான். பையைப் பிரித்து உப்பை அள்ளி, தன் கையாலேயே அவன் உள்ளங்கையில் வைத்தார். வைக்கும்போது பழைய பழக்கத்தில் நெஞ்சு ஒரு தடவை திடுக்கென்றது. வரட்டும், சண்டை வந்தால் வரட்டும் என்று விரலை அழுத்தி மூடிவிட்டார்.

"ஒங்கம்மா கையிலேருந்து என் கைக்கு. என் கையிலேருந்து ஒன் கைக்கு. இப்ப போன் பண்ணு."

"எடுக்க மாட்டாங்க பாய்."

"பண்ணுடா."

முகிஷா உப்பு ஒட்டிய விரலாலேயே போனை அழுத்தினான். மணி அடித்தது. அடித்தது. வழக்கமாகக் கட் ஆகிற இடம் தாண்டியும் அடித்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், ஸ்பீக்கரே போடாமல் கார்மேகத்துக்குக் கேட்கிற அளவுக்கு, விடாமல், மூச்சு வாங்காமல் பொரிந்தது.

கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருக்க, முகிஷா சிரித்துக்கொண்டே தலையைத் தலையை ஆட்டினான்.

"என்னடா சொல்றாங்க?"

"பூட்ஸ் கடிக்குதாம் பாய்," என்றான் போனை மறைத்துக்கொண்டு. "பெரிசா ஒண்ணு வாங்கிட்டு நேர்ல வாடா, அப்பத்தான் உன்ன நல்லாத் திட்ட முடியுங்கறாங்க."

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. முதல் லாரியிலிருந்த பாகிஸ்தான் பட்டாணிய டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யல்லா பாய், ஜல்தி!" என்று கத்தினான். முகிஷாவுக்குக் காதில் விழவில்லை. அவன் அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.

கார்மேகம் போய்த் தடுப்புக் கட்டையைத் தூக்கிப் பிடித்தார். மற்றொரு கையை உயர்த்தி, "கலாஸ்! வா, வா!" என்று லாரியை உள்ளே விட்டார்.